நட்சத்திர உடைகளின் கதை – 7: படம் மறைந்தது, கவுன் நின்றது

1932ஆம் ஆண்டு எம்.ஜி.எம். ஸ்டூடியோ 'லெட்டி லின்டன்' என்றொரு படத்தை வெளியிட்டது. கதாநாயகி ஜோன் கிராஃபோர்ட். ஜோடி ராபர்ட் மான்ட்கோமரி. இயக்கம் கிளாரன்ஸ் பிரவுன். படம் நன்றாக ஓடியது, லாபமும் பார்த்தது. பிறகு கதைத் திருட்டு வழக்கில் சிக்கிப் பெட்டிக்குள் போனது. பல பத்தாண்டுகள் திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் தலைகாட்டவே இல்லை. பழைய ஹாலிவுட்டைக் கரைத்துக் குடித்தவர்களில்கூட அதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் உடை வரலாறு எழுதுகிற எவரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. படத்தில் கிராஃபோர்ட் அணிந்துவரும் ஒரு வெள்ளை கவுன்தான் காரணம்.

சென்ற இதழில் மௌனப் படக் காலத்தோடு நிறுத்தியிருந்தோம். அதுவரை பாரிஸ் தைக்கும், ஹாலிவுட் உடுத்தும். 1929இல் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. முழங்காலுக்கு ஏறியிருந்த பாவாடையின் நீளத்தை ழான் பட்டூ என்ற பாரிஸ் வடிவமைப்பாளர் அந்த ஆண்டு சட்டென்று கீழே இறக்கினார். தையல் கடைகள் சில வாரங்களில் மாறிக்கொண்டன. சினிமாவால் அது முடியவில்லை. ஒரு படத்தை எடுத்து, வெட்டி ஒட்டி, பிரதி போட்டு நாடெங்கும் கொண்டுசேர்க்க மாதக்கணக்கில் ஆகும். குட்டைப் பாவாடையோடு எடுத்து வைத்திருந்த படங்கள் திரைக்கு வந்த அன்றே பழசாகத் தெரிந்தன. பாரிஸைத் துரத்திக்கொண்டே இருந்தால் எப்போதும் ஒரு பருவம் பின்தங்கித்தான் நிற்க வேண்டும் என்பது ஸ்டூடியோ முதலாளிகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாமுவேல் கோல்ட்வின் பாரிஸையே வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தார். 1931இல் கோகோ ஷனேலை ஹாலிவுட்டுக்கு அழைத்து வந்தார். பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று ஊரெல்லாம் பேச்சு. 'டுநைட் ஆர் நெவர்' படத்தில் குளோரியா ஸ்வான்சனுக்கு ஷனேல் உடை வடிவமைத்தார். நேரில் பார்க்க அத்தனை நேர்த்தி. திரையிலோ அது அடங்கிப் போனது. ஷனேல் அதிக நாள் தங்கவில்லை. பாரிஸில் ஒரு பெண் விருந்துக்குப் போட்டுப்போகிற உடை வேறு, கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு முகத்தைப் பத்தடி உயரத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டிய உடை வேறு. இந்த இரண்டாவது வேலையை முழுக்கத் தெரிந்துவைத்திருந்தவர் எம்.ஜி.எம்.மில் இருந்தார். அவர் பெயர் ஏட்ரியன்.

கனெக்டிகட் மாநிலத்தில் பெண்களுக்கான தொப்பி செய்து விற்ற ஒரு குடும்பத்தில் 1903இல் பிறந்தவர். 1928 முதல் 1941 வரை எம்.ஜி.எம்.மில் இருந்தார். கிரேட்டா கார்போ, நார்மா ஷியரர், ஜீன் ஹார்லோ என்று அந்த ஸ்டூடியோவின் பெரிய பெயர்கள் அத்தனைக்கும் உடை அவருடையது. 'கவுன்கள்: ஏட்ரியன்' என்று டைட்டிலில் தனி வரி போடுவார்கள். அவருக்குக் கீழே வெட்டியவர்கள், தைத்தவர்கள், மணி கோத்தவர்கள் பெயர் எந்த டைட்டிலிலும் வரவில்லை. அவர்களைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் எழுதவேண்டும், எழுதுவேன்.

கிராஃபோர்டுக்கு அகன்ற தோள். உயரமும் அதிகமில்லை. அன்றைய கணக்குப்படி இது மறைக்கவேண்டிய குறை. சரிந்த கை வைத்து, கழுத்தை இறக்கிவெட்டி, தோளைச் சின்னதாகக் காட்டுவதுதான் வேறு யாரும் செய்திருக்கக்கூடியது. ஏட்ரியன் நேர்மாறாகப் போனார். மெல்லிய ஆர்கண்டி போன்ற வெள்ளைத் துணியில், தோளிலிருந்து முழங்கைவரை ஃப்ரில் மேல் ஃப்ரில்லாக அடுக்கி, பெரிய பஃப் கை வைத்தார். இடுப்பை இறுக்கினார். கீழே பாவாடையின் ஓரத்தில் மறுபடியும் ஃப்ரில். அகன்ற தோளை இன்னும் அகலமாக்கியதில் இடுப்பு தானாகவே ஒடுங்கித் தெரிந்தது.

காமிராவின் இடத்தில் நின்று யோசித்தால் இந்தக் கையின் சூட்சுமம் புரியும். பேசும்படம் வந்த புதிது. மைக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நடிகர் நிற்கவேண்டும். அரைமேல் காட்சியும் முகக் காட்சியும்தான் அதிகம். பாவாடையில் என்ன வேலைப்பாடு செய்தாலும் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். சட்டகத்துக்குள் நிற்பது முகம், கழுத்து, தோள், கை. ஏட்ரியன் தன் திறமையை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தார். விளக்கின் ஒளி அந்த மெல்லிய ஃப்ரில்களுக்குள் புகுந்து வெளியே வர, கிராஃபோர்டின் முகம் வெள்ளை வட்டத்துக்கு நடுவில் நின்றது. அந்த ஸ்டில் புகைப்படங்களை இன்று பார்த்தாலும் கண் முதலில் போவது முகத்துக்குத்தான். பெரிய கை வைத்தும் கையைப் பார்க்கவிடாமல் முகத்தைப் பார்க்கவைத்ததை நான் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த தையல் வேலைகளில் ஒன்றாகவே மதிக்கிறேன்.

பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பாரிஸ் கவுனை நினைத்துக்கூடப் பார்க்கமுடியாத பெண்கள், சில்லறைக் காசு கொடுத்து ஊர்க் கொட்டகையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தார்கள். பார்த்தது கடைக்கு வருவதற்கு வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. நியூயார்க்கில் பெர்னார்ட் வால்ட்மன் என்பவர் 1930இல் 'மாடர்ன் மெர்ச்சண்டைசிங் பியூரோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். படம் வெளியாவதற்குப் பல வாரங்கள் முன்பே ஸ்டூடியோக்களிடமிருந்து உடைகளின் படங்களையும் வரைபடங்களையும் வாங்குவார். எது விலைபோகும் என்று கணிப்பார். தைப்பதற்கு ஆள் பிடிப்பார். படம் ஊருக்கு வரும் நேரத்தில் அதன் உடையும் கடைக்கு வந்துவிடும். இதற்கென்றே 'சினிமா ஃபேஷன்ஸ்' என்ற பெயரில் நாடெங்கும் பெரிய கடைகளுக்குள் தனிப் பகுதிகள் முளைத்தன. நியூயார்க்கின் மேசிஸ் கடையிலும் அப்படி ஒன்று இருந்தது.

கடைக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு வழி. 1932இல் கோண்டே நாஸ்ட் நிறுவனம் 'ஹாலிவுட் பேட்டர்ன்' என்ற பெயரில் தையல் மாதிரிக் காகிதங்களை விற்கத் தொடங்கியது. விலை 15 சென்ட். உறையின் மேல் ஒரு நடிகையின் புகைப்படம். உள்ளே இருக்கிற மாதிரிக்கும் அந்த நடிகை படத்தில் உடுத்தியதற்கும் பல சமயம் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த பெண், காகிதத்தை விரித்து, ஊசி குத்தி, கத்தரித்து, தன் அளவுக்கு ஒரு நட்சத்திர கவுனைத் தைத்துக்கொண்டாள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர் அந்தப் பெயர் தெரியாத பெண்தான்.

வெள்ளை கவுனின் நகல்களை மேசிஸ் மட்டும் 50,000 விற்றது என்று ஒரு கணக்கு பல புத்தகங்களில் உண்டு. சில இடங்களில் அது 5 லட்சமாகக்கூட வளர்ந்திருக்கிறது. ஸ்டூடியோ விளம்பரத்திலிருந்து கிளம்பிய எண்களைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அது சரியான எச்சரிக்கை. எண் எதுவானாலும், அந்தக் காலத்துப் புகைப்படங்களிலும் கடை விளம்பரங்களிலும் பெரிய ஃப்ரில் கை திரும்பின பக்கமெல்லாம் இருக்கிறது. பள்ளி இறுதிநாள் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

இனி வழக்குக்கு வருவோம். எட்வர்ட் ஷெல்டன், மார்கரெட் ஏயர் பார்ன்ஸ் என்ற இருவர் எழுதிய 'டிஸ்ஆனர்ட் லேடி' என்ற நாடகம் 1930இல் மேடையேறியது. அதைப் படமாக்க எம்.ஜி.எம். பேசிப் பார்த்தது. தணிக்கைச் சிக்கலால் பேச்சு முறிந்தது. பிறகு, அதே பழைய கிளாஸ்கோ கொலை வழக்கை வைத்து எழுதப்பட்ட ஒரு நாவலின் உரிமையை வாங்கி 'லெட்டி லின்டன்' எடுத்தார்கள். நாவலில் இல்லாத, நாடகத்தில் மட்டுமே உள்ள காட்சிகள் படத்தில் இருக்கின்றன என்று நாடகாசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 1936இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி லர்னட் ஹாண்ட், படம் நாடகத்தைத் திருடியது என்று தீர்ப்பளித்தார். மிச்சம் இருந்தது இழப்பீட்டுக் கேள்வி. 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரமான கணக்கைப் போட்டது. படத்தின் நிகர லாபம் ஏறக்குறைய 5,87,600 டாலர். இதில் கதைக்கு எவ்வளவு, நட்சத்திரங்களுக்கும் இயக்கத்துக்கும் தயாரிப்புக்கும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, நாடகாசிரியர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்ற கணக்கை ஏற்றுக்கொண்டது. மிச்ச நான்கு பங்கும் நட்சத்திரப் பொலிவும் ஸ்டூடியோவின் மற்ற உழைப்பும் சம்பாதித்தது என்று இதற்கு அர்த்தம். வழக்கில் தோற்ற படத்துக்குள்ளும் கிராஃபோர்டின் கவர்ச்சிக்குச் சட்டம் விலை போட்டுக் காட்டியது.

கதையை நகல் செய்ததற்கு இப்படி. கவுனை நகல் செய்தவர்களுக்கு? ஒன்றும் இல்லை. இதே லர்னட் ஹாண்ட் 1929இல் இன்னொரு வழக்கைத் தீர்த்திருந்தார். செனி சகோதரர்கள் என்ற பட்டுத் துணி நிறுவனம், தன் துணியின் டிசைனை டோரிஸ் சில்க் என்ற போட்டி நிறுவனம் அப்படியே எடுத்து மலிவாக விற்கிறது என்று முறையிட்டது. ஒரு பருவத்துக்கு அந்த நிறுவனம் போடும் டிசைன்களில் ஐந்தில் ஒன்றுதான் விலைபோகும், அந்த ஒன்றும் எட்டு ஒன்பது மாதம்தான் ஓடும். அதற்காவது பாதுகாப்புத் தாருங்கள் என்றது. நீதிபதிக்கு அனுதாபம் இருந்தது. ஆனால் சட்டத்தில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்.

சட்டம் கைவிட்டதும் உடைத் தயாரிப்பாளர்கள் 1932இல், அதாவது 'லெட்டி லின்டன்' வெளியான அதே ஆண்டில், சங்கம் அமைத்தார்கள். அசல் டிசைன்காரர்கள் சங்கம். நகல் விற்கிற கடைக்கு எங்கள் சரக்கு கிடையாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அரசு அதைக் கூட்டுச்சதி என்றது. 1941இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொல்லி, அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. ஆக, கதை நகலுக்கு இழப்பீடு கொடு என்று ஒரு தீர்ப்பு, அடுத்த ஆண்டே உடை நகலைத் தடுக்காதே என்று இன்னொரு தீர்ப்பு, இரண்டும் ஒரே நீதிமன்றத்திலிருந்து வந்தன. துணியின் மேல் அச்சிடும் சித்திரத்துக்குப் பிற்காலத்தில் பாதுகாப்பு கிடைத்தது. ஒரு கவுனின் வெட்டுக்கும் வடிவத்துக்கும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இன்றைக்கும் பாதுகாப்பு இல்லை.

நான் இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான். நட்சத்திர உடை பிழைத்திருப்பது நகலால். 'லெட்டி லின்டன்' படத்தின் பிரதிகளைப் பூட்டி வைக்க முடிந்தது. கவுனைப் பூட்டமுடியவில்லை, ஏனென்றால் அது அதற்குள் ஆயிரக்கணக்கான அலமாரிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று கடைகளில் 'ஓல்டு ஹாலிவுட்', 'விண்டேஜ் லுக்' என்று விற்கிற எதை எடுத்துப் பார்த்தாலும், ஒரு நகலின் நகலின் நகல்தான் கைக்கு வரும். அதில் இழிவு ஏதும் இல்லை. கைமாறும்போது அது மாறுகிறது. யாருக்குத் தைக்கிறோமோ அந்த உடம்புக்கும் பைக்கும் ஏற்றபடி வளைந்துகொடுக்கிறது.

சாட்டின் கவுனை எடுத்துக்கொள்வோம். 1933இல் வந்த 'டின்னர் அட் எய்ட்' படத்தில் ஜீன் ஹார்லோ அணிந்த வெள்ளை சாட்டின் கவுன், அதுவும் ஏட்ரியன் கைவேலை. இந்த வகைக்கு மூலம் பாரிஸில் மாடலேன் வியோனே என்ற மேதையிடம் இருந்தது. பாவும் ஊடையும் நேராக ஓடும்படி துணியை வெட்டினால் அது விறைப்பாக நிற்கும். 45 பாகை சாய்த்து வெட்டினால் துணிக்கு இழுவை வந்துவிடும். நம்மூர்த் தையற்காரர்கள் கிராஸ் கட் என்பது இதைத்தான். ஜாக்கெட்டைக் கிராஸில் தைத்தால் உடம்போடு படிந்து உட்காருமே, அதே கணக்கு முழு கவுனுக்கும். இதில் சிரமமும் அதிகம். துணி கூடுதலாகச் செலவாகும். வெட்டியதைத் தொங்கவிட்டுக் காத்திருக்கவேண்டும். துணி தன் எடையில் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறங்கிய பிறகுதான் ஓரம் அடிக்கலாம். அவசரப்பட்டால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும்.

வியோனே இதைப் பெண்ணின் உடல் சுதந்திரமாக அசைய வேண்டும் என்பதற்காகச் செய்தார். ஹாலிவுட் அதே வெட்டை எடுத்து ஒளிக்காகப் பயன்படுத்தியது. வண்ணம் இல்லாத திரையில் சிவப்பும் நீலமும் சாம்பல்தான். பளபளப்பு மட்டும்தான் கண்ணைப் பிடிக்கும். விளக்கடியில் சாட்டின் நடக்கும்போது வெளிச்சம் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வழிந்தோடும். அதற்கு விலையும் இருந்தது. அந்த கவுன்களை உடம்போடு ஒட்டத் தைத்துவிட்டு, உட்கார்ந்தால் சுருக்கம் விழும் என்று நடிகைகளைச் சாய்வான பலகையில் நிற்கவைப்பார்கள். இரண்டு பக்கமும் கை வைக்கக் கட்டை உண்டு. இரண்டு ஷாட்டுக்கு நடுவே ஓய்வு அதில்தான். விடுதலைக்கு வெட்டிய துணி நிற்கவைக்கும் தண்டனையாக மாறிய இடம் இது.

நகல் அந்தத் தண்டனையைத் தளர்த்தியது. 1990களில் ஜான் கலியானோ அந்தக் கிராஸ் வெட்டை மறுபடி கையில் எடுத்தார். அதே பத்தாண்டில் உள்பாவாடை போல மெல்லிய தோள்நாடாவோடு வந்த ஸ்லிப் உடைகள் தெருவுக்கே வந்துவிட்டன. 2007இல் 'அட்டோன்மென்ட்' படத்துக்காக ஜாக்லின் டுரன் கீரா நைட்லிக்குத் தைத்த பச்சைப் பட்டு கவுன், 1930களைச் சாக்காக வைத்துக்கொண்டு நம் காலத்துக்குத் தைத்த ஒன்று. முதுகு திறப்பும் மெல்லிய துணியும் அந்தக் காலத்தைவிடத் துணிச்சலானவை. அதன் நகல்கள் இன்னும் விற்கின்றன. இணையக் கடைகளில் இன்று ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும் சாட்டின் பாவாடைகள், பாலியஸ்டர் கலந்த துணியில், அலுவலகத்துக்கும் போட்டுப்போகிறபடி வந்திருக்கின்றன. ஹார்லோவால் உட்காரமுடியாத உடையில் இன்றைய பெண் பேருந்தில் உட்கார்ந்து போகிறாள். இதை வளர்ச்சி என்றே சொல்வேன்.

தோளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரிஸில் எல்சா ஸ்கியாபரெல்லியும் அதே ஆண்டுகளில் தோளை அகலமாக்கிக்கொண்டிருந்தார். ஏட்ரியன் முந்தியா அவர் முந்தியா என்ற சண்டை தீர்ந்தபாடில்லை. 1941இல் எம்.ஜி.எம்.மை விட்டு வெளியே வந்த ஏட்ரியன் சொந்தக் கடை திறந்து, பேட் வைத்த தோளோடு பெண்களுக்குக் கோட் சூட் தைத்தார். சின்ன வயதில் அந்தப் படங்களைப் பார்த்துக் கிறங்கிய நோலன் மில்லர் 1981 முதல் 'டைனஸ்டி' தொலைக்காட்சித் தொடருக்கு உடை அமைத்தபோது தோள் மறுபடி அகன்றது. 2019 வாக்கில் பஃப் கை திரும்பி வந்தது. அடுத்த ஆண்டே உலகம் முழுவதும் வீட்டுக்குள் உட்கார்ந்து செல்பேசித் திரையில் ஒருவரையொருவர் பார்க்கவேண்டி வந்தது. சட்டகத்துக்குள் மறுபடியும் முகம், கழுத்து, தோள், கை. பெரிய கை அதற்குள் நிலைத்ததில் எனக்கு வியப்பில்லை.

1950களில் நகல் வேகமாக ஓடிய இன்னும் சில இடங்களைத் தொட்டுவிட்டுப் போகிறேன். 1951இல் 'எ பிளேஸ் இன் தி சன்' படத்தில் எலிசபெத் டெய்லருக்கு எடித் ஹெட் தைத்த, மார்பில் பூ அடுக்கிய வெள்ளை கவுன், அமெரிக்கப் பள்ளி விருந்துகளின் சீருடை மாதிரியே ஆனது. 1956 ஏப்ரலில் கிரேஸ் கெல்லி மொனாக்கோ இளவரசரை மணந்தபோது, கல்யாண கவுனை வடிவமைத்தவர் எம்.ஜி.எம்.மின் ஹெலன் ரோஸ். தைத்தது எம்.ஜி.எம். உடைப் பிரிவு, ஏறக்குறைய மூன்று டஜன் பேர், ஆறு வாரம். அது ஸ்டூடியோவின் சீர். உண்மையான இளவரசியின் கல்யாணத்துக்குச் சினிமாத் தையலறை உடை கொடுத்தது. இன்று அது ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2011இல் லண்டனில் கேட் மிடில்டன் லேஸ் கையோடு கல்யாணத்துக்கு இறங்கியபோது பத்திரிகைகள் எல்லாம் ஒரே குரலில் கிரேஸ் கெல்லியை நினைத்துக்கொண்டன. அந்த கவுனை வடிவமைத்தவர் சாரா பர்ட்டன்.

ஆட்ரி ஹெப்பர்னின் கதை இந்தியாவுக்கே வந்து சேர்கிறது. அவர் நெற்றியில் வெட்டிவிட்ட முடியைப் பார்த்துத்தான் 1960இல் 'லவ் இன் சிம்லா' படத்தில் இயக்குநர் ஆர்.கே. நய்யார், நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க அதேபோல் வெட்டச் சொன்னார். 'சாதனா கட்' என்ற பெயரில் அது இந்தியா முழுக்கப் பரவி, தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் வந்தது. வெட்டிக்கொண்ட பெண்களில் பலர் ஹெப்பர்னின் படம் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். நகலுக்கு மூலத்தின் முகவரி தேவைப்படுவதில்லை.

1970 மே மாதத்தில், நகலிலிருந்து அசலின் பக்கம் கண் திரும்பிய ஒரு மாற்றம் நடந்தது. நொடித்துக்கொண்டிருந்த எம்.ஜி.எம். தன் உடைக் கிடங்கைக் காலிசெய்து ஏலம் போட்டது. 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்புக் காலணி ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. அதுவும் ஏட்ரியன் வடிவமைத்ததுதான். மூலக் கதைப் புத்தகத்தில் வெள்ளிக் காலணி. டெக்னிகலரில் எடுபடவேண்டும் என்று சிவப்புச் சம்கி வைத்தார்கள், அதையும் திரையில் தெரிவதைவிட அடர்த்தியான சிவப்பில். நடிகை டெபி ரெனால்ட்ஸ் அந்த ஏலங்களில் தன் பணத்தைக் கொட்டி மூட்டை மூட்டையாக உடைகளை வாங்கினார். ஓர் அருங்காட்சியகம் அமைக்கவேண்டும் என்பது அவர் கனவு. நாற்பது ஆண்டுகள் அலைந்தும் அது நிலைக்கவில்லை. 2011இல் அவரே விற்கவேண்டி வந்தது. 'தி செவன் இயர் இட்ச்' படத்தில் மர்லின் மன்றோ அணிந்த, வில்லியம் டிராவில்லா தைத்த வெள்ளை மடிப்பு கவுன், கழிவுத் தொகை சேர்க்காமலே 46 லட்சம் டாலருக்குப் போனது. அந்தத் தொகுப்பு சிதறியது ஹாலிவுட்டுக்கே வெட்கக்கேடு என்று நினைக்கிறேன். சிவப்புக் காலணியின் இன்னொரு ஜோடி 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஏலங்களில் ஒன்றை மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லலாம். 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காக ழிவான்ஷி வடிவமைத்த கறுப்பு கவுன் ஒன்றை, அவரே எழுத்தாளர் டொமினிக் லாபியேருக்குக் கொடுத்தார். 2006இல் லண்டனில் அது 4,67,200 பவுண்டுக்கு விற்றது. பணம் லாபியேரின் அறக்கட்டளை வழியாக இந்தியாவில் ஏழைகளுக்குப் போனது.

அசலின் மேல் வந்த இந்த மோகம் 2022 மே 2ஆம் தேதி உச்சத்துக்குப் போனது. 1962இல் மர்லின் மன்றோ மாடிசன் சதுக்க மைதானத்தில் ஜனாதிபதி கென்னடிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது அணிந்திருந்த கவுன். ழான் லூயி வடிவமைத்தது. வரைபடம் போட்டவர் அப்போது இளைஞராக இருந்த பாப் மாக்கி. தோல் நிறத்தில் சூஃப்லே என்ற மெல்லிய பட்டு, அதன் மேல் 2,500 கற்கள். மர்லினை உள்ளே நிறுத்தி உடம்போடு தைத்தே மூடினார்கள் என்பார்கள். 1999இல் 12 லட்சத்து 60 ஆயிரம் டாலர். 2016இல் ரிப்ளீஸ் நிறுவனம் 48 லட்சம் டாலருக்கு வாங்கியது. நியூயார்க் மெட் காலா விழாவுக்கு அதை அந்த நிறுவனமே கிம் கர்தாஷியனுக்குக் கொடுத்தது. அவர் அதற்காக மூன்று வாரத்தில் ஏழு கிலோ குறைத்ததாகச் சொன்னார். அப்படியும் பின்பக்கம் மூடவில்லை, மேலே வெள்ளை ஃபர் போர்த்தி மறைத்தார். கம்பளத்தில் சில நிமிடம் நடந்துவிட்டு, மாடியேறியதும் நகலுக்கு மாறிக்கொண்டார். சேதம் ஏதும் இல்லை என்றது ரிப்ளீஸ். சர்வதேச அருங்காட்சியகங்கள் மன்றத்தின் உடைப் பிரிவு, வரலாற்று உடைகளை யாரும் அணியக்கூடாது என்று பகிரங்கமாகவே சொன்னது.

மன்றத்தின் பக்கமே நான் நிற்கிறேன். அறுபது வயதான பட்டு வியர்வையையும் இழுவையையும் தாங்காது. அந்தத் துணி இன்று நெய்யப்படுவதில்லை. கிழிந்தால் வைத்துத் தைக்க வேறு துண்டு கிடைக்காது. நகல் தைத்துக்கொள்ள யாரும் தடையும் சொல்லவில்லை. அன்றிரவு மாடியில் அவர் அணிந்திருந்ததே நகல்தானே. அதையே கம்பளத்திலும் அணிந்திருக்கலாம்.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்களுக்குப் பிடித்த நட்சத்திரத்தின் உடை வேண்டுமென்றால் புகைப்படத்தைத் தையற்காரரிடம் காட்டுங்கள். கிராஸில் வெட்டச் சொல்லுங்கள், ஓரம் அடிக்கும் முன் இரண்டு நாள் தொங்கவிடச் சொல்லுங்கள், கையைப் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியோ அம்மாவோ அப்படி ஒரு நடிகையைப் பார்த்துத் தைத்துக்கொண்ட ஜாக்கெட்டோ கவுனோ பெட்டியில் கிடந்தால், அதைப் போட்டுப் பார்க்காமல், மடிப்பில் வெள்ளைத் துணி வைத்துப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் படத்தைப் பார்த்து, யார் தைத்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அடுத்த இதழில், 'சப்ரினா' படத்தில் ழிவான்ஷி தைத்துக் கொடுக்க, ஆஸ்கர் மட்டும் எடித் ஹெட் கைக்குப் போன கதை.

(தொடரும்)